நின்றபடி போட்ட கோடு

அமிர்தவள்ளியின் வயிறு பெருத்தபோது யாரும் பதறவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மார்க்கிங் டேபிளில் அவளோடு நின்றவர்கள், "இன்னாக்கா, நாப்பத்திரெண்டுல மூணாவதா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சாப்பாடு மட்டும் கொஞ்சம் கம்மியாக இறங்கியது. வலிக்காத எதையும் வியாதி என்று ஒப்புக்கொள்ள அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. கொசுவம் சொருக இடுப்பே அகப்படவில்லை என்ற நிலைமை வந்த பிறகுதான் போய் ஸ்கேன் எடுத்தார்கள்.

குடலுக்குப் பின்னால், முதுகெலும்புக்கு வலப் பக்கம், ஒரு சதைக் கட்டி. பப்பாளிப் பழம் அளவு. புற்றுநோய். அது வலது கிட்னியை வளைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆல்வின் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். முதலில் ஐந்து வாரம் கரண்டு. ரேடியேஷனுக்கு இந்தப் பக்கத்தில் கரண்டு வைப்பது என்றுதான் பேர். பிறகு ஒன்றரை மாதம் உடம்பு தேற விட்டு, ஆபரேஷன்.

"கட்டியோட சேத்து வலது கிட்னியையும் எடுத்துடுவாங்கம்மா, குடல்லயும் கொஞ்சம். அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க உங்களுக்கு இடது கிட்னி ஒண்ணுதான். கரண்டு அது மேல போவக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் கோடு" என்றார்.

கோடு என்றால், வயிற்றின் நடுவே நெடுக ஒன்று, குறுக்கே ஒன்று, இரண்டு விலாவிலும் பக்கத்துக்கொரு கூட்டல் குறி. எல்லாம் ஊதா மையில். மெஷின் அறையில் சுவரிலிருந்து வரும் சிவப்பு ஒளி அந்தக் கோடுகளின் மேல் நூல் பிடித்தாற்போல் விழ வேண்டும். விழுந்தால்தான் கரண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும். அழியக் கூடாது, அதனால் வயிற்றில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சோப்பு கூடாது, துணியால் தேய்க்கக் கூடாது. அந்த வெயிலில், வேலூர் வெயிலில்! இரண்டு வாரம் ஈரத் துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்துக்கொண்டு, தன் வேர்வை நாற்றம் தனக்கே அடிக்க, ஆம்பூருக்கும் வேலூருக்கும் பஸ்ஸில் அலைந்தாள்.

கோட்டின் அருமையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பதினான்கு வருஷமாக அவள் பிழைப்பே கோடுதான். வெட்டி வந்த தோல் துண்டின் மேல் பேட்டர்னை வைத்து, தையல் எங்கே ஓட வேண்டும் என்று பேனாவால் கோடு போடுவது அவள் வேலை. ஒரு மில்லி தள்ளிப் போனால் தையல் தள்ளிப் போகும், ஷூ கோணிக்கொள்ளும், ஜோடி ஜோடியாக ரிஜெக்ட் ஆகும். பதினான்கு வருஷத்தில் அமிர்தவள்ளியின் கோட்டால் ஒரு ஜோடி கூட ரிஜெக்ட் ஆனதில்லை. இதை அவளே நாலு பேரிடம் சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொள்ள வேறு என்ன இருந்தது அவளுக்கு?

சௌமியா என்ற டெக்னீஷியன் பெண்தான் தினமும் அவளைப் படுக்க வைப்பாள். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, ராணிப்பேட்டைப் பெண், வாய் ஓயாது. "அக்கா, ஆடாம இருங்க. அக்கா, மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க. அக்கா, இன்னிக்கி இன்னா கொழம்பு?" அந்தப் பெரிய கதவு மூடி, மெஷின் மட்டும் தன்னைச் சுற்றிவரும் நேரத்தில், தலைக்கு மேல் தூக்கிய கை மரத்துப் போகும்போது, சௌமியா கேட்ட கேள்விக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள் அமிர்தவள்ளி. பயம் தெரியாமல் இருக்க அது ஒரு வழி.

பத்துக் கரண்டு முடிந்தது. சனி, ஞாயிறு கரண்டுக்கு லீவு. சனிக்கிழமை சாயங்காலம் திமிரியிலிருந்து போன் வந்தது. தாய்மாமன் போய்விட்டார்.

மடியில் உட்கார வைத்துக் காது குத்தியவர். அப்பா இல்லாத பெண்ணுக்குக் கல்யாணத்தில் முன்னால் நின்றவர். போகாமல் இருப்பதாவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷன் அன்பரசனின் லோடு ஆட்டோவிலேயே இருவரும் போனார்கள். மத்தியானம் எடுத்தார்கள். பெண்களெல்லாம் பம்புசெட்டுக்குக் குளிக்கப் போனபோது அமிர்தவள்ளி மட்டும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாள் பால் தெளிக்க இருக்க வேண்டும் என்று அன்பரசன் அங்கேயே தங்கிவிட்டான்.

வீட்டு வாசலில் மாமியார் பாக்யலட்சுமி பக்கெட்டோடு நின்றிருந்தாள். வில்லியாக நிற்கவில்லை, பாவம். உள்ளே அவள் மகள் பிரசவத்துக்கு வந்து, பதினெட்டு நாள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

"சாவு வீட்டுலேந்து வர்ற. பச்ச புள்ள இருக்குதும்மா உள்ள" என்றாள் பாக்யலட்சுமி.

"கோடு அழிஞ்சிடும் அத்தை."

"ரெண்டே ரெண்டு சொம்பு. தலைக்கு மட்டும்."

அமிர்தவள்ளி முறுக்கிக்கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டில் படுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் உண்மை என்னவென்றால், அவளுக்கும் அந்தத் தீட்டில் நம்பிக்கை உண்டு. குழந்தைக்கு ராத்திரி லேசாக உடம்பு சுட்டால் கூட, இவளால்தான் என்று ஊர் சொல்லும் முன்பே இவள் மனசு சொல்லிவிடும். வயிற்றின் மேல் முந்தானையை நாலு மடிப்பாக மடித்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குழாயடியில் குனிந்தாள். தண்ணீர் எந்த மடிப்பைக் கேட்டது? கழுத்து வழியாக இறங்கி, மார்பு வழியாக ஓடி, முந்தானைக்குள் ஊறிப் பாவாடை நாடா வரைக்கும் போனது. மடித்துப் பிடித்த துணி தேய்க்காமலே தேய்த்துவிட்டது.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீரோக் கண்ணாடியில் பார்த்தாள். வலது விலாவில் கூட்டல் குறி மங்கலாக இருந்தது. நடுக்கோடு இருந்ததா இல்லையா என்று சந்தேகம். இடது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார்: கோடு போனால் மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, ஒரு வாரம் தள்ளும். நடுவில் விட்டால் கட்டிக்குக் கொண்டாட்டம்.

ஒரு வாரம் விடுவதா? கோடுதானே? கோடு போடத் தெரியாதவளா அவள்?

தன் மகளின் பள்ளிக்கூடப் பையில் ஊதா மார்க்கர் இருந்தது. ஸ்கேல் இருந்தது. புடவையைத் தளர்த்திவிட்டு, கண்ணாடி முன் நின்று, உப்பிய வயிறு மறைக்காமல் இருக்க இடது கையால் தோலை வலப் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த மங்கலை அடையாளம் வைத்து அளந்து அளந்து போட்டாள். போட்டு முடித்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரிக் கோட்டைவிட நேர்த்தியாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

திங்கட்கிழமை சௌமியா பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, லீவுல கோட்டைப் பத்திரமா வச்சிருக்கீங்க" என்றாள். வழக்கம்போல் அதன் மேலேயே ஆஸ்பத்திரி மையால் இன்னொரு தரம் அழுத்திவிட்டாள். சிவப்பு ஒளி கோட்டின் மேல் கச்சிதமாக விழுந்தது. கதவு மூடியது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே.

புதன்கிழமை படம் பிடிக்கும் நாள். முதல் வாரம் தினமும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு புதனுக்குப் புதன் மெஷினிலேயே படம் எடுத்து, முதுகெலும்பு பழைய படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கரண்டு விடுவார்கள். டாக்டர் பார்க்கும் நாளும் அதுவே. அன்பரசனும் கூட வந்திருந்தான்.

அன்று மெஷின் சுற்றி நின்றது. கரண்டு வரவில்லை. அறையில் விளக்கைப் போட்டார்கள். சௌமியா வந்து இடுப்பைப் பிடித்து அரை விரல் நகர்த்தி, ஒளியைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். மறுபடி படம். மறுபடி விளக்கு. இந்தத் தடவை சீனியர் டெக்னீஷியன் சுப்பராயனும் வந்தார். இருவரும் கோட்டைப் பார்த்தார்கள், ஒளியைப் பார்த்தார்கள், இவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"கோட்டுல கரெக்டா இருக்குது. எலும்பு ஒண்ணரை சென்டிமீட்டர் தள்ளி நிக்குது" என்றார் சுப்பராயன்.

படுத்தபடியே அமிர்தவள்ளிக்கு அது உறைத்தது. கம்பெனியில் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே அவள் சொல்லும் பாடம் அது. தோலை டேபிளில் தளர்வாகப் போட்டுத்தான் கோடு போட வேண்டும். கையால் இழுத்துப் பிடித்துப் போட்டால், கையை விட்டதும் தோல் தன் இடத்துக்கு ஓடிவிடும், கோடும் கூடவே ஓடிவிடும். இந்தத் தப்புக்காக எத்தனை பெண்களைக் கண்ணில் தண்ணீர் வருமளவுக்குத் திட்டியிருக்கிறாள்! அதே தப்பைத் தன் வயிற்றில், நின்றபடி, இழுத்துப் பிடித்து, அளந்து அளந்து செய்திருக்கிறாள். இடது பக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர். இடது பக்கம் என்ன இருக்கிறது என்று டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டிய பிறகும்.

அவளை இறக்கி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அறைக் கதவு சரியாக மூடவில்லை. சுப்பராயனின் குரல் வெளியே வரை கேட்டது.

"திங்கள், செவ்வாய் யார் செட்டப்?"

"நான்தான் சார்."

"கோட்டு மேல மை போட்டது?"

"நான்தான். இருந்த கோட்டு மேலதான் சார் போட்டேன். நகத்தலை."

"நகத்தலைன்னா கோடு தானா நடந்து போச்சா? எப்ப போட்ட, வெள்ளிக்கிழமையா, திங்கக்கிழமையா?"

"வெள்ளிக்கிழமையும் போட்டேன் சார். ஆனா…" சௌமியா விசும்புவது கேட்டது.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அமிர்தவள்ளி எழவில்லை. பேட்டர்னில் கை வைத்தவளைக் கம்பெனியில் கேட்டுக்கு வெளியே விடுவார்கள். இங்கேயும் அப்படித்தானே இருக்கும்? சொன்ன பேச்சைக் கேட்காதவளுக்கு இனிமேல் வைத்தியம் இல்லை என்று சீட்டைக் கிழித்துவிட்டால்? உள்ளே இருக்கிற பப்பாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? பக்கத்தில் அன்பரசன் வேறு, "இன்னாவாம்? மெஷின் ரிப்பேரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் சுவர், எதிரே அந்தக் கதவு. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு மனசு. வாயைத் திறக்காதே என்று பத்து மனசு.

அரை மணி கழித்து டாக்டர் ஆல்வின் கூப்பிட்டார். அறையில் சுப்பராயனும் நின்றிருந்தார். மூலையில் சௌமியா, மூக்கு சிவந்து.

"அம்மா, உங்க கோடு எப்படியோ இடம் மாறியிருக்கு. எங்க பக்கத்துலதான் தப்புன்னு நெனக்கிறேன், விசாரிக்கிறோம். போன புதன்கிழமை சரியா இருந்துச்சு. அதுக்கப்புறம் நாலு கரண்டு. அதுல எத்தனை தப்பா போச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னா நாலும் தப்புன்னு, இடது கிட்னி பக்கம் போச்சுன்னு வச்சித்தான் நான் கணக்குப் போடணும். அப்படிப் போட்டா, அந்தக் கிட்னியை நம்பி வலது கிட்னியை எடுக்கலாமான்னு ஆபரேஷன் பண்றவர் கேப்பார். எடுக்கலன்னா கட்டியை முழுசா எடுக்க முடியாது."

அன்பரசனுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. "அப்ப ஆபரேஷன் கிடையாதா சார்?" என்று கேட்டான்.

"ரெண்டு" என்றாள் அமிர்தவள்ளி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு கரண்டுதான் சார் தப்பா போச்சு. திங்கள், செவ்வாய். வெள்ளிக்கிழமை வரைக்கும் சரியா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை குளிச்சேன். அழிஞ்சிடுச்சு. நானேதான் போட்டேன். நின்னுக்கிட்டுப் போட்டேன்." கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது. "இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்ல சார். அது என் கோட்டு மேலதான் மை போட்டுச்சு."

டாக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"திங்கக்கிழமை காலையில சொல்லியிருந்தா அன்னிக்கே புது ஸ்கேன் எடுத்திருப்போமேம்மா" என்றார். பிறகு எழுந்து, கரண்டின் அளவைக் கணக்குப் போடுகிறவர்களின் அறைக்குப் போய்விட்டார்.

திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரே ஒரு தடவை அன்பரசன், "எங்க அம்மா ஊத்திக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

இடது கிட்னிக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். போயிருக்கிற அளவு தாங்கக்கூடியதுதான். ஆபரேஷன் உண்டு. ஆனால் கட்டியின் வலது ஓரம் இரண்டு நாளும் காய்ந்து கிடந்திருக்கிறது, அதற்குக் கரண்டே போகவில்லை. பழைய கோட்டை நம்ப முடியாது. ஸ்கேனுக்கு இனி இடம் காலியாவது சனிக்கிழமைதான், அன்றைக்கே புதுக் கோடு, கணக்குப் போட்டு முடித்துச் செவ்வாய்க்கிழமை மறுபடி கரண்டு.

"அதுக்குள்ள வளந்துடாதா சார்?"

"வளராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். நடுவுல விடறது நல்லதில்ல. ஆனா வேற வழி இல்லம்மா."

தப்பான கோடு உடம்பில் இருக்கக் கூடாது என்பதால் அழித்துவிட்டு அனுப்பச் சொன்னார். சௌமியாதான் அழித்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தொட்டு, நடுக்கோடு, குறுக்குக்கோடு, வலது விலா, இடது விலா. அமிர்தவள்ளி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சிடும்மா. வெளிய உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தேன், எழுந்து வரல" என்றாள். சௌமியா கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"சனிக்கிழமை வரைக்கும் கோடு கிடையாது. குளிச்சிக்கலாம்மா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டிய பிறகு அன்பரசன் வாயைத் திறந்தான். "அம்மா கிட்ட சொல்லாத. தாங்க மாட்டாங்க. தெரிஞ்சா சோறு தின்ன மாட்டாங்க." அவள் தலையாட்டினாள். அவன் சொல்வதும் நியாயம்தான். எல்லார் பக்கமும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. யார் மேலாவது கோபப்பட ஓர் இடம் இருந்தால் கொஞ்சம் காற்று வந்திருக்கும்.

வீட்டில் புடவை மாற்றும்போது பாக்யலட்சுமி பார்த்துவிட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"கோட்டெல்லாம் எடுத்துட்டாங்களா? அப்ப கம்மியாயிடுச்சா?"

அமிர்தவள்ளி புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "புதுசா போடுவாங்கம்மா. அதுக்குள்ள குளிச்சிக்கலாம்னு சொன்னாங்க" என்றான்.

"அப்பாடா! ரெண்டரை வாரமா உடம்பு நாறுதுன்னு எவ்ளோ அழுதிருப்ப. இரு, தண்ணி காய வைக்கிறேன்." போனவள் பாதியில் திரும்பி வந்து மருமகளின் தோளைத் தொட்டாள். "அன்னிக்கி உன்னை வாசல்ல நிக்க வச்சிட்டேன். அதுலேந்து எனக்கு மனசே ஆறல. ஒண்ணும் ஆகலியே? இன்னிக்கி ஆசை தீர ஊத்திக்கோ."

பாத்ரூமில் பக்கெட் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர். புதுச் சோப்பு, உறை கூடப் பிரிக்காதது. அமிர்தவள்ளி கதவைத் தாழிட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். குனிந்து வயிற்றைப் பார்த்தாள். வெறும் தோல். வலப் பக்கம் மட்டும் உப்பி நின்றது. செவ்வாய்க்கிழமை வரை அதைத் தொட யாரும் இல்லை. ஆறு நாள். உள்ளே அது நிம்மதியாகத் தின்றுகொண்டு படுத்திருக்கும். அதற்கு இந்த லீவை எடுத்துக் கொடுத்தவள் இவள்தான், தன் கையால், ஸ்கேல் வைத்து. ஆசையாய்க் காத்திருந்த தண்ணீர் முன்னால் இருக்க, அதை வயிற்றில் ஊற்றிக்கொள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. மக்கை எடுக்கக் கை வரவில்லை.

"தண்ணி சூடு போதுமாம்மா?" வெளியிலிருந்து மாமியாரின் குரல்.

"போதும் அத்தை."

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

அமிர்தவள்ளி மக்கில் தண்ணீரை மொண்டு தரையில் ஊற்றினாள். இன்னொரு மக்கு மொண்டு ஊற்றினாள். வெளியே கேட்கட்டும் என்று கொஞ்சம் உயரத் தூக்கி, நிதானமாக, குளிப்பவள் விடும் இடைவெளி விட்டு விட்டு ஊற்றினாள். தண்ணீர் அவள் கால் விரல்களைச் சுற்றிக்கொண்டு ஓட்டைக்குள் போனது. பக்கெட் அடி தெரிந்ததும், தலை காய்ந்திருந்தால் கேட்பார்களே என்று நினைவு வந்தது. கடைசி மக்கை எடுத்து, எழுந்து நன்றாகக் குனிந்து, வயிற்றில் ஒரு சொட்டுக் கூடப் படாமல் முடியில் மட்டும் ஊற்றிக்கொண்டாள்.